வெள்ளைச்சட்டை கொடுத்த கடிகாரம்

மணிமுத்தாறு சாலைக் குடியிருப்பு,
4 ஆகஸ்ட் 2025

தஸ்மியாவுக்கு,

உன் எண்ணை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். பேசினால் நீ அழுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் தபாலில் எழுதுகிறேன். கிளைத் தபால் ஆபீசில் உட்கார்ந்து மூன்று வருடமாக முத்திரை குத்துகிறவள் நான். இந்தக் கடிதம் மேலப்பாளையத்தில் உன் வீட்டு வாசலுக்கு எந்த நாளில் வரும் என்பதும் எனக்குத் தெரியும்.

உன் ‘வெள்ளைச்சட்டை’ மூன்றாம் தொகுதியைப் படித்துவிட்டேன். முதல் இரண்டு தொகுதிகளையும் நான்தான் ஆபீசுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். “என் சேக்காளி வரைஞ்சது, ஜப்பான்காரங்க மங்கான்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி” என்று பெருமை பேசினேன். உன் மோசடிக்காரன் வெள்ளைச்சட்டை மணல் திருடுகிறவனை ஏமாற்றினான், கந்துவட்டிக்காரனை ஏமாற்றினான். நானும் கைதட்டினேன். மூன்றாம் தொகுதியில் அவன் மலைக்கு வருகிறான். தேயிலைத் தோட்டம் மூடப்போகிற நேரம். ‘மலையிலேயே நிலம் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லித் தொழிலாளிகளின் ஆதார் கார்டுகளை வாங்கிக்கொண்டு போகிறான். அதுவரை சரி. அது நடந்ததுதான். மாஞ்சோலையில் 2024 மே மாதம் 14ஆம் தேதி, மகாராஜன் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து நாற்பத்தியொரு வீட்டுக் கார்டுகளை வாங்கிப் போனதை உன்னிடம் சொன்னவளே நான்தான்.

ஆனால் உன் கதையில் ஒரு கங்காணி வருகிறான். வெயில் காலத்திலும் குரங்குக் குல்லா போட்டிருக்கிறான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. வெள்ளைச்சட்டையிடம் ஒரு கடிகாரத்தை லஞ்சமாக வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு, தன் ஆட்களைத் தானே காட்டிக்கொடுக்கிறான்.

குரங்குக் குல்லாவும் பாதி விரலும் யாருடையது என்று தோட்டத்தை விட்டு இறங்கி வந்து நாங்கள் குடியேறிய இந்தக் குடியிருப்பில் குழந்தைக்கும் தெரியும். நீ எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கி, என் அப்பா போட்டுக்கொடுத்த கட்டஞ்சாயாவைக் குடித்துக்கொண்டு அவரைப் படம் வரைந்தாயே, அந்த விரல்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். அந்தக் கார்டுகளை வைத்து மகாராஜன் வங்கிக் கணக்கும் சிம் கார்டும் வாங்கி, ஊர் ஊராகப் பலரை ஏமாற்றிய பணத்தை அவற்றின் வழியாக ஓட்டினான். ஐந்து பேருக்கு வெளி மாவட்டத்திலிருந்து போலீஸ் நோட்டீஸ் வந்தது. எதிர் வீட்டுச் சுடலைவடிவு அக்கா அதில் ஒருத்தி. தேயிலை கிள்ளுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவள். தெரிந்தே கணக்கை விற்றாள் என்று அவள் மேல் வழக்கு. பிப்ரவரியில் மகாராஜன் பிடிபட்டான். நவம்பரில் விசாரணை. முதல் சாட்சி என் அப்பா. ஏனென்றால் எல்லாரும் கார்டைக் கொடுத்தது அப்பா கையில். அவர்தான் அதை மகாராஜனிடம் கொடுத்தார். அவர் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் அந்த ஐந்து பேர் ஏமாந்தவர்கள். சொல்லாவிட்டால் அவர்கள் குற்றவாளிகள்.

போன வாரம் உன் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை யாரோ நகல் எடுத்து எங்கள் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அப்பா அதைக் கிழித்து நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டில் ஒரே வார்த்தைதான் பேசினார்: “நான் கோர்ட்டுக்குப் போவல.”

அந்தப் பக்கத்தை எடு. கங்காணி கடிகாரம் வாங்கவில்லை என்று அச்சில் சொல். எனக்குப் பதில் வேண்டாம். அதைச் செய்தால் போதும்.

பொன்செல்வி


மேலப்பாளையம்,
12 ஆகஸ்ட் 2025

செல்விக்கு,

பதில் வேண்டாம் என்று நீ எழுதினாலும் எழுதுகிறேன். உன் கடிதத்தை உம்மாதான் முதலில் பிரித்துப் படித்தார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் எழுத வேண்டாம்.

நான் கதை வரைகிறவள். செய்தி எழுதுகிறவள் இல்லை. கங்காணிக்குப் பெயர் வைக்கவில்லை. மாமாவுக்கு மீசை கிடையாது, கங்காணிக்குப் பெரிய மீசை. ஊர்ப் பெயர் இல்லை. குல்லா போட்ட கங்காணி உலகத்தில் ஒருத்தர்தானா? விரலை வரைந்தது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். கை வரையும்போது எனக்கு அந்தக் கைதான் வந்தது. யோசித்துச் செய்யவில்லை.

கடிகாரம் முழுக்க என் கற்பனை. ஏன் கடிகாரம் என்றால், அந்த ஆறு பக்கங்களில் வசனமே கிடையாது. ஜப்பான் புத்தகங்களைப் போல வலப்பக்கத்திலிருந்து தொடங்கி இடப்பக்கமாகப் படிக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். ஒவ்வொருவராக வந்து கார்டைக் கொடுக்கிறார்கள், வெள்ளைச்சட்டை அவற்றை வாங்கிப் பையில் வைக்கிறான், கங்காணிக்குக் கடிகாரம் கைமாறுகிறது, கங்காணி வெறும் கையோடு வந்தவன் கடிகாரக் கையோடு போகிறான். வார்த்தை இல்லாமல் கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஒன்று வேண்டியிருந்தது. அவ்வளவுதான். (எல்லாருக்கும் இப்படிப் படிப்பது சிரமம் என்றார் பதிப்பாளர். எங்கள் உம்மாவுக்குச் சிரமமே இல்லை. குர்ஆன் ஓதுகிற பழக்கம்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து மகாராஜன் கதையை நீ சொன்னபோது, “ஏட்டி, இத நீ வரையணும், ஊருக்குத் தெரியணும்” என்று என் தோளைப் பிடித்துச் சொன்னவள் நீ. நான் திருடவில்லை. நீ கொடுத்தாய்.

இவ்வளவு நாள் என் வெள்ளைச்சட்டையைப் பார்த்துக் கைதட்டிய வாசகர்கள், அவன் ஏழைகளை ஏமாற்றுவதைப் பார்த்து ஒருமுறையாவது கூசிப்போக வேண்டும் என்றுதான் மலைக் கதையை எடுத்தேன். நல்ல எண்ணம்தான். நீ நம்ப வேண்டாம்.

மாமாவின் பெயருக்கே ஒரு பிரதி அனுப்புகிறேன். அவரே முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லட்டும். ஒரு பக்கத்தை மட்டும் கதவில் ஒட்டினால் எந்தக் கதையும் அநியாயமாகத்தான் தெரியும்.

தஸ்மியா


மணிமுத்தாறு சாலைக் குடியிருப்பு,
21 ஆகஸ்ட் 2025

தஸ்மியாவுக்கு,

உன் புத்தகம் என் ஆபீசுக்கே வந்தது. சாக்கைப் பிரித்துக் கொட்டினால், அப்பா பெயரோடு உன் கையெழுத்து. அதைக் குளத்தில் எறிந்திருப்பேன். ஆனால் ஒருவர் பெயருக்கு வந்த தபாலை மறைக்கிற உரிமை எனக்கில்லை. முத்திரை குத்தி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அவர் உறையைப் பிரிக்காமல் அரிசி டின் மேல் வைத்துவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நான் வரையச் சொன்னேன் என்கிறாய். சொன்னேன். மகாராஜனை வரையச் சொன்னேன். அன்று நான் உன்னிடம் எதைச் சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மறுபடி சொல்கிறேன்.

தோட்டத்தில் காலையில் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையாக நிற்பார்கள், கங்காணி பெயர் கூப்பிடுவார், “இருக்கேன்” என்று சொல்லி ஒவ்வொருவராக முன்னால் வர வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. என் அப்பா இருபத்திரண்டு வருடம் அந்தப் பெயர்களைக் கூப்பிட்டவர். ஏடு பார்க்காமல் கூப்பிடுவார். மகாராஜன் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்றே ஒன்றுதான். அவன் வீடு வீடாகப் போகவில்லை. “நீங்க பெரட்டுல பேர் கூப்பிடுங்க, அண்ணாச்சி. ஒங்க வாயால கூப்பிட்டாத்தான் வருவாங்க” என்றான். அப்பா கூப்பிட்டார். ஒருத்தர்கூட எதற்கு என்று கேட்கவில்லை. தலைமுறையாகப் பெயரைக் கூப்பிட்டால் வந்து நிற்கிற ஜனம். கார்டோடு வந்து நின்றார்கள். ஜூலையில் கார்டுகள் தபாலில் பத்திரமாகத் திரும்பி வந்தன. அதனால் டிசம்பரில் போலீஸ் வரும்வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதை நீ வரைந்திருந்தால் உன் வெள்ளைச்சட்டை எவ்வளவு கேவலமானவன் என்று தெரிந்திருக்கும். நீ அதைச் செய்யவில்லை. அவன் கடைசிப் பக்கத்தில் பேருந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண் கலங்குகிறான். அவனுக்கு மனசாட்சி உண்டாம். அப்படியென்றால் பாவத்தை யார் தலையில் வைப்பது? உன் திருடனை நல்லவனாகவே வைத்துக்கொள்ள உனக்கு இன்னொரு கெட்டவன் தேவைப்பட்டான். என் அப்பாவை எடுத்துக்கொண்டாய். மீசை வைத்துவிட்டேன் என்று இப்போது சமாதானம் சொல்கிறாய்.

நேற்று குடிதண்ணீர்க் குழாயடியில் அப்பா குடத்தோடு நின்றார். சுடலைவடிவு அக்கா தன் குடத்தை இழுத்துக்கொண்டு சொன்னாள்: “கடியாரத்தப் பாத்து வாரும்வே கங்காணி. ஒமக்கென்ன, நேரம் தெரியும்.” குழாயடியில் ஆறு பேர் நின்றார்கள். மூன்று பேர் சிரித்தார்கள். அப்பா காலிக் குடத்தோடு திரும்பி வந்தார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தேயிலைக் கொழுந்தை வீட்டுக்குக் கொண்டுவராதவர். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன்.

பொன்செல்வி


மேலப்பாளையம்,
8 செப்டம்பர் 2025

செல்விக்கு,

நீ எழுதியதை மூன்று நாள் கழித்துத்தான் முழுதாகப் படிக்க முடிந்தது. திருடனை நல்லவனாக வைத்துக்கொள்ள இன்னொரு கெட்டவன் தேவைப்பட்டான் என்று எழுதியிருந்தாய். அதற்கு எழுத நாலு பதில் யோசித்தேன். நான்கும் பொய். நீ சொன்னதுதான் நடந்தது. நான் வெள்ளைச்சட்டையை இரண்டு வருடமாக வரைகிறேன். அவனை வெறுக்க எனக்குக் கை வரவில்லை. பாரத்தை இறக்க ஓர் ஆள் தேடினேன். குல்லா போட்ட ஒருவர் என் வரைபுத்தகத்தில் தயாராக இருந்தார்.

உம்மாவுக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. “நாலு நாளு அவங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு வந்து, அந்த மனுசன் கையில களவு வாட்ச்சக் கட்டிவிட்டிருக்கியே. ஒனக்கு ஹராம் ஹலால்னு ஒண்ணு தெரியாதா?” என்று கேட்கிறார். துபாயிலிருந்து என் அண்ணன் யஹ்யா காக்கா பேசினால் போனை வாங்கி அவரிடமும் இதையே சொல்கிறார். காக்கா வாங்கித் தந்த வரைபலகையில்தான் அதை வரைந்தேன் என்பதால் அவருக்கும் பாதித் திட்டு.

செய்திருப்பதைச் சொல்கிறேன். இணையத்தில் இருந்த அந்த ஆறு பக்கங்களை எடுத்துவிட்டேன். கங்காணி கடிகாரத்தைத் தள்ளிவிடுவதாகத் திருத்தி வரைந்து போட்டிருக்கிறேன். அச்சுப் புத்தகத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். விற்காத பிரதிகள் முந்நூற்றிருபது. அவற்றை என் செலவில் வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு சீட்டு அச்சடித்தேன். ‘இக்கதையில் வரும் கங்காணி கடிகாரம் எதையும் வாங்கவில்லை. அவ்வாறு வரைந்தது ஆசிரியரின் பிழை.’ இதை ஒவ்வொரு பிரதியிலும் பசை தடவி ஒட்டுகிறேன். அக்கா முறையான அஃப்ரா லாத்தா சாயங்காலம் வந்து கூட ஒட்டுகிறாள். இன்று வரை இருநூற்றுப் பன்னிரண்டு.

விற்றுப்போன பிரதிகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வாசகர்களிடமிருந்து வருகிற கடிதங்களைப் படித்தால் எனக்கே கோபம் வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வெள்ளைச்சட்டை அழுத பக்கத்தைப் பாராட்டுகிறார்கள். ஏமாந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டது இரண்டு பேர். ஒருத்தன், ‘அடுத்து அவன் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தை ஏமாற்றட்டும்’ என்று யோசனை சொல்கிறான்.

மாமா கோர்ட்டுக்கு வருவாரா? இதை மட்டும் ஒரு வரி எழுது.

தஸ்மியா


மணிமுத்தாறு சாலைக் குடியிருப்பு,
9 அக்டோபர் 2025

தஸ்மியாவுக்கு,

சீட்டு ஒட்டுவதை நிறுத்து. ஒட்டினதை எடுக்க வேண்டாம், இனி ஒட்டாதே. ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை, அக்டோபர் இரண்டு, ஆபீஸ் விடுமுறை. காலையில் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தால் அப்பா உன் உறையைப் பிரித்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் நிதானமாகப் படிக்கிறவர். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். பதினொரு மணிபோல என்னைக் கூப்பிட்டார்.

“செல்வி, அந்தப் புள்ளைக்கு இது எப்படித் தெரியும்?”

“எது?”

“நான் வாட்ச்சத் திருப்பிக் குடுத்தது.”

அவர் கையில் புத்தகம் இருந்த விதத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உன் முதல் பக்கத்து அறிவிப்பு அவர் கண்ணிலேயே படவில்லை. எல்லாத் தமிழ்ப் புத்தகத்தையும் போல இடப்பக்கத்து அட்டையைத் திறந்திருக்கிறார். கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். வசனம் இல்லாத அந்த ஆறு பக்கமும் அவருக்குத் தலைகீழாக நடந்திருக்கிறது. கங்காணி கடிகாரத்தோடு வருகிறான். கழற்றி வெள்ளைச்சட்டையிடம் கொடுக்கிறான். வெறும் கையோடு நிற்கிறான். பிறகு கார்டுகள் ஒவ்வொருவர் கைக்கும் திரும்பப் போகின்றன.

அவர் சொன்னதில் என் காதில் நின்றது ‘குடுத்தது’ இல்லை. ‘திருப்பி’ என்ற வார்த்தை. வாங்கினவன்தானே திருப்பிக் கொடுக்க முடியும்.

“அப்போ வாங்குனீங்களா?” என்று கேட்டேன்.

“மூணு நாளு கட்டியிருந்தேன்” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மே 14 பெரட்டு முடிந்ததும் மகாராஜன் ஒரு டப்பாவைக் கொடுத்திருக்கிறான். “இருவத்திரெண்டு வருசம் ஊருக்கு நேரம் சொன்னவரு, கையில ஒரு கடியாரம் இல்லாம இருக்கலாமா” என்றானாம். அதை லஞ்சம் என்று அப்பா நினைக்கவில்லையாம். தோட்டம் மூடும்போது கம்பெனி கொடுக்காத மரியாதையை யாரோ ஒருத்தன் கொடுத்தானே என்றுதான் நினைத்தாராம். மே 17, வெள்ளிக்கிழமை, மருந்து வாங்கக் கீழே வந்தவர் கல்லிடைக்குறிச்சி டீக்கடையில் அவனைப் பார்த்திருக்கிறார். அங்கே அவன் வேறு பெயர், வேறு வேலை. இரண்டு பேர் அவனை ‘இன்சூரன்ஸ் சார்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு விளங்கிவிட்டது. கடிகாரத்தைக் கழற்றி அவன் முன்னால் பெஞ்சில் வைத்தார். கார்டுகளைக் கேட்டார்.

அவன் கோபப்படவில்லையாம். டீயைக் குடித்துக்கொண்டே சொன்னானாம்: “கார்டு எல்லாம் நீரு கூப்பிட்டு, ஒம்ம கையில குடுத்தது. நான் யார் வீட்டு வாசப்படியும் ஏறல. பேசாமப் பஸ் ஏறும். ஒரு மாசத்துல கார்டு வந்துரும்.”

அப்பா பேசாமல் பஸ் ஏறினார். மலைக்குப் போனார். மறுநாள் காலை பெரட்டில் எப்போதும்போலப் பெயர் கூப்பிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. கார்டு திரும்பி வந்ததும், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

போலீஸ் காகிதத்தில் ஒரு தேதி இருக்கிறது. முதல் கணக்கு தொடங்கியது ஜூன் 3. மே 17இலிருந்து ஜூன் 3 வரை பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளில் அவர் வாயைத் திறந்திருந்தால் சுடலைவடிவு அக்காவுக்கு நோட்டீஸ் வந்திருக்காது.

நான் அப்பாவிடம் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அவர் புத்தகத்தை மூடி அரிசி டின் மேலேயே திரும்ப வைத்தார்.

ஒரு கொழுந்து கொண்டுவராதவர் என்று உனக்கு எழுதினேன். எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை நீ வைத்திருக்கிறாய்.

பொன்செல்வி


மேலப்பாளையம்,
16 அக்டோபர் 2025

செல்விக்கு,

சீட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். மிச்சம் ஒன்பது பிரதிகள்தான் இருந்தன.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். மாமா கடிகாரம் வாங்கினது எனக்குத் தெரியாது. எனக்கு வசதியாக இருந்தது, அதனால் வரைந்தேன். அது பிறகு உண்மையாகப் போனதால் நான் செய்தது சரியாகிவிடாது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் ஓணான் மேல் பட்டதற்காக எறிந்தவனை வேட்டைக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். என் கதையில் கங்காணி சிரித்துக்கொண்டே கடிகாரத்தைக் கட்டிக்கொள்கிறான். பேராசை. மாமா வாங்கினது மரியாதைக்கு. இரண்டும் ஒன்று இல்லை. ஆனால் சுடலைவடிவு அக்காவிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பதினேழு நாளை எனக்கு வரையவும் தெரியவில்லை. ஒரு மனுசர் பேசாமல் இருப்பதை எப்படி வரைவது?

வெள்ளைச்சட்டை நான்காம் தொகுதிக்குப் பதிப்பாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவன் இன்னும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். இப்போது பார்த்தால் அந்தக் கண்ணீர்த் துளியை அழிக்கத்தான் கை போகிறது. டீயைக் குடித்துக்கொண்டே பேசினவன் எங்கே அழுதிருப்பான்?

மாமாவிடம் கத்தியது கத்தியாயிற்று. அவர் சாப்பிடுகிறாரா என்று பார். நவம்பர் 11க்கு நான் வரட்டுமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

தஸ்மியா


மணிமுத்தாறு சாலைக் குடியிருப்பு,
14 நவம்பர் 2025

தஸ்மிக்கு,

நீ வரட்டுமா என்று கேட்டதற்கு நான் பதில் போடவில்லை. வேண்டாம் என்று இல்லை. என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

முதலில் இங்கே நடந்தது. நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால். குடியிருப்பு நடுவில் தண்ணீர்த் தொட்டி இருக்கிற வெட்டவெளியில் அப்பா போய் நின்றார். குல்லாவை எடுத்துவிட்டு நின்றார். பெயர் கூப்பிட ஆரம்பித்தார். தோட்டத்து லைன் வீடுகள் இருந்த வரிசையிலேயே, ஏடு இல்லாமல். “ஐயம்பெருமாள்.” பல் தேய்த்துக்கொண்டிருந்த ஐயம்பெருமாள் சித்தப்பா தன்னை அறியாமல் “இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, பிறகு “என்னவே இது, பைத்தியமா?” என்று கேட்டார். ஆனால் வந்து நின்றார்.

நாற்பத்தியொரு பெயர். இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள். ஏழு குடும்பம் வெளியூர் போய்விட்டது. ஒருவர் செத்துப்போனார். அவர் பெயரையும் அப்பா கூப்பிட்டார். அவர் மனைவி “இல்ல” என்று மட்டும் சொன்னாள். நான்கு பேர் வாசலில் நின்று பார்த்தார்கள், இறங்கவில்லை. சுடலைவடிவு அக்கா பெயர் கடைசி. முதல் தடவை கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை கூப்பிட்டார். கதவு திறந்தது. அவள் படியிலேயே நின்று, “இருக்கேன். அங்கனயே நின்னு சொல்லும்வே” என்றாள்.

அப்பா சொன்னார். கடிகாரம் வாங்கினது, மூன்று நாள் கட்டினது, திருப்பிக் கொடுத்தது, யாரிடமும் சொல்லாதது. பதினேழு நாள் என்று எண்ணிக்கையையும் சொன்னார். எண்ணிக்கை என்னிடமிருந்து போனது.

ஐயம்பெருமாள் சித்தப்பாதான் முதலில்: “திருப்பிக் குடுத்துட்டீரா? கெட்டுது போ. வச்சிருந்தா வித்து நோட்டீசுக்கு வக்கீல் வச்சிருக்கலாம்.” இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. சுடலைவடிவு அக்கா கேட்டாள்: “கோர்ட்டுல இத சொல்லுவீரா?” “சொல்லுதேன்” என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினோராம் தேதி நானும் அப்பாவும் முதல் பஸ்ஸில் போனோம். அவளும் அதே பஸ்ஸில் ஏறினாள். முன்னால் தனியாக உட்கார்ந்தாள்.

கோர்ட்டில் டவாலி வாசலில் வந்து நின்று “சுடலைக்கண்ணு, சுடலைக்கண்ணு, சுடலைக்கண்ணு” என்று அப்பா பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். வாழ்நாளெல்லாம் கூப்பிட்டவரை இன்னொருவர் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். அப்பா முதல் தடவையிலேயே “இருக்கேன்” என்று எழுந்துவிட்டார்.

மகாராஜன் ஓரமாக நின்றான். நிஜமாகவே வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தான். தேய்த்த சட்டை. அப்பாவைப் பார்த்துத் தெரிந்தவரைப் பார்ப்பதுபோலத் தலையை ஆட்டினான்.

அவனுடைய வக்கீல் உன் புத்தகத்தோடு வந்திருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் தொகுதி, சீட்டு ஒட்டாத பிரதி. அந்தப் பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் நீட்டி, “இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானே?” என்று கேட்டார். கதைப் புத்தகத்தை இங்கே காட்டாதீர்கள் என்று நீதிபதி நிறுத்தினார். ஆனால் அதற்குள் அப்பா “நான்தான்” என்று சொல்லிவிட்டார்.

“அப்போ லஞ்சமா வாட்ச் வாங்கினீங்க?”

“வாங்கினேன், ஐயா. அவரு குடுத்தாரு, அந்தா நிக்காரே அவரு. மூணாம் நாளு கல்லிடைக்குறிச்சியில வச்சுத் திருப்பிக் குடுத்தேன். பெறவு யார்ட்டயும் சொல்லல. இந்த அஞ்சு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. நான் பேர் கூப்பிட்டேன், வந்தாங்க.”

அப்பா மறுப்பார், அதை வைத்துச் சாட்சியத்தை உடைக்கலாம் என்றுதான் அந்த வக்கீல் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அடுத்த கேள்விக்குக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். டீக்கடைப் பெயர், கிழமை, நேரம் எல்லாவற்றையும் நீதிபதி கேட்டு எழுதிக்கொண்டார். நேரம் கேட்டபோது அப்பா, “பத்தே காலு. கழத்தும்போது அந்த வாட்ச்சுலதான் பாத்தேன்” என்றார். மகாராஜன் அப்போதுதான் தலையைக் குனிந்தான்.

தீர்ப்பு எப்போது என்று தெரியாது. ஐந்து பேரையும் வழக்கிலிருந்து விடுவிக்க மனுப் போடலாம் என்று அரசு வக்கீல் சொல்லியிருக்கிறார். அப்பா மேல் ஏதாவது வரலாம் என்றும் சொன்னார். வரட்டும் என்றார் அப்பா.

சுடலைவடிவு அக்கா இன்னும் அவரோடு பேசவில்லை. நேற்றுக் குழாயடியில் தன் குடம் நிறைந்ததும் குழாயை மூடாமல் போனாள். அப்பா தன் குடத்தை வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் கொடுக்கக் கடமைப்பட்டவள் இல்லை.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ செய்தது தப்புதான், உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். நான் ஆராயாமல் சத்தியம் செய்ததும் தப்புதான். இரண்டும் இரண்டு கணக்கு. ஒன்றை வைத்து ஒன்றை நேர் செய்ய வேண்டாம்.

ஆனால் நான்காம் தொகுதியை வரை. வலமிருந்து படித்தால் அப்பா கடிகாரம் வாங்குகிறார், இடமிருந்து படித்தால் திருப்பிக் கொடுக்கிறார். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்தப் பதினேழு நாள் உன் புத்தகத்தில் இல்லை. பேசாமல் இருப்பதை எப்படி வரைவது என்று கேட்டாயே, ஒவ்வொரு நாள் காலையும் அவர் பெரட்டில் நின்று அதே நாற்பத்தியொரு பெயரையும் கூப்பிட்டாரே, அதை வரை. பதினேழு தடவையும் வரை.

அப்பாவிடம் சொன்னேன். வரையட்டும் என்றார். குல்லா இருக்கட்டுமாம், மீசை வேண்டாமாம். கடைசியாக, “புள்ள ஒரு எடத்துல தப்பு விட்டிருக்கா, எழுதிப் போடு” என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். பாதி விரல் இடது கையில். நீ வலது கையில் போட்டிருக்கிறாய். அதைத் திருத்தச் சொன்னார். வேறு எதையும் திருத்தச் சொல்லவில்லை.

செல்வி